விஎம்மில் டிஸ்க்கும் ரேமும் கூட்டுவது: நீண்டகாலப் பயன்பாட்டில் தெளிந்தவை

விஎம்மை (விர்ச்சுவல் மெஷின், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) விர்ச்சுவல்பாக்ஸ், கேவிஎம், விஎம்வேர் என எதில் ஓட்டினாலும், டிஸ்க்கைப் பெரிதாக்கும் வேலையில் ஹோஸ்ட் (விஎம்மைச் சுமக்கும் கணினி) பக்கம் ஆவது ஒரு நிமிடம்தான். 40 ஜிபியை 80 ஆக்கிவிட்டு விஎம்முக்குள் போய், இடக்கணக்கு காட்டும் ‘டிஎஃப் -ஹெச்’ கட்டளையை அடித்தால் பழைய 40தான் தெரியும். வளர்ந்தது வெளிக்கூடு மட்டுமே. அதற்குள் பார்ட்டிஷன், எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் லினக்ஸ் அடுக்கு) இருந்தால் பிசிக்கல் வால்யூம், லாஜிக்கல் வால்யூம், கடைசியாக ஃபைல் சிஸ்டம் என்று வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும். எந்த அடுக்கில் வேலை நின்றுபோயிருக்கிறது என்பதை ‘எல்எஸ்பிஎல்கே’ ஒரே பார்வையில் காட்டிவிடும்.

கூட்டுவதற்கு முன், இடம் உண்மையிலேயே போதவில்லையா என்று பாருங்கள். ‘ஜர்னல்சிடிஎல்’ பதிவுகளும் பழைய டாக்கர் இமேஜ்களும் பல ஜிபியைப் பிடித்திருக்கும். அழித்த பிறகும் ஒரு புரோகிராம் திறந்தே வைத்திருக்கும் லாக் கோப்பு, கோப்புகளைக் கூட்டிப் பார்க்கும் ‘டியூ’ கணக்கில் வராது, ‘டிஎஃப்’ கணக்கில் வரும். ‘எல்எஸ்ஓஎஃப் +எல்1’ அதைக் காட்டிக்கொடுக்கும். ‘டிஎஃப் -ஐ’யில் ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று செலவாகும் பதிவு) 100% என்றிருந்தால், குட்டிக் கோப்புகள் குவிந்து கிடக்கின்றன என்று பொருள். அங்கே ஜிபி கூட்டுவதைவிடக் குப்பையை அகற்றுவதே மருந்து.

ஹோஸ்ட் பக்கம் முதல் தடை ஸ்னாப்ஷாட், அதாவது விஎம்மின் ஒரு நேரத்து நிலையைச் சேமித்து வைத்தது. விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் இருந்தால் டிஸ்க் அளவுக்கான பெட்டியே மங்கிக் கிடக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் நிலைமை இன்னும் மோசம்: அடிப்படை டிஸ்க் மட்டும் வளரும், விஎம் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கும் டிஃபரன்சிங் டிஸ்க் (ஸ்னாப்ஷாட்டுக்குப் பிந்தைய மாற்றங்கள் சேரும் டிஸ்க்) பழைய அளவிலேயே நிற்கும். ஆகவே ஸ்னாப்ஷாட்டுகளை முதலில் நீக்கி ஒன்றிணைத்துவிட்டு, பாதுகாப்புக்கு முழு பேக்கப் எடுங்கள். ‘விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைமீடியம்’ கட்டளையில் ‘--ரீசைஸ்’ எதிர்பார்ப்பது மெகாபைட். 80 ஜிபிக்கு 81920. விஎம்வேரின் விஎம்டிகே வடிவத்தை அது நீட்ட மறுத்தால், விர்ச்சுவல்பாக்ஸின் சொந்த வடிவமான விடிஐ ஆகக் குளோன் செய்துகொள்ள வேண்டும். கேவிஎம்மில் விஎம் அணைந்திருந்தால் ‘க்யூஎமு-இமேஜ் ரீசைஸ்’, ஓடிக்கொண்டிருந்தால் ‘விர்ஷ் பிளாக்ரீசைஸ்’. ஓடும் விஎம்மின் இமேஜ் கோப்பில் நேரடியாகக் கைவைக்கவே கூடாது.

இனி விஎம்முக்குள். லினக்ஸில் வழக்கமான வரிசை: ‘குரோபார்ட்’, ‘பிவிரீசைஸ்’, பிறகு ‘எல்விஎக்ஸ்டெண்ட்’. கடைசிக் கட்டளையில் ‘-ஆர்’ சேர்த்தால் ஃபைல் சிஸ்டமும் கூடவே நீளும். குரோபார்ட்டில் டிஸ்க் பெயருக்கும் பார்ட்டிஷன் எண்ணுக்கும் நடுவே இடைவெளி வேண்டும்: ‘எஸ்டிஏ 3’, ‘எஸ்டிஏ3’ அல்ல. எல்விஎம் இல்லாத இடத்தில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டமுக்கு ‘ரீசைஸ்2எஃப்எஸ்’. எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்’. அதற்குக் கொடுக்க வேண்டியது மவுண்ட் செய்த இடம். மூன்றையுமே விஎம் ஓடும்போதே செய்யலாம்.

உபுண்டு சர்வர் வைத்திருப்பவர்கள் ஹோஸ்டைத் தொடும் முன், எல்விஎம்மில் மீதி இடத்தைக் காட்டும் ‘விஜிஎஸ்’ பார்ப்பது நல்லது. அதன் இன்ஸ்டாலர் எல்விஎம்மில் 20 முதல் 200 ஜிபி வரையிலான டிஸ்க்கில் பாதியை மட்டுமே ரூட்டுக்கு (சிஸ்டம் இருக்கும் முதன்மை ஃபைல் சிஸ்டம்) தருகிறது. மீதிப் பாதி சும்மா கிடக்கும். ‘எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர் -எல் +100%ஃப்ரீ’ ஒன்றிலேயே பிரச்சினை தீர்ந்துவிடலாம். முழுவதையும் எடுக்காமல் கொஞ்சம் விட்டுவைத்தால் பின்னால் உதவும்.

ரூட் 100% நிறைந்த பிறகு வேலையைத் தொடங்கினால் குரோபார்ட்டே தோற்கும். /டிஎம்பியில் தற்காலிகக் கோப்பு எழுத அதற்கு இடம் வேண்டும். அப்போது /டிஎம்பியின் மேல், ரேமில் இருக்கும் ஒரு ‘டிஎம்பிஎஃப்எஸ்’ஸை மவுண்ட் செய்தால் ஓடும். எல்விஎம் கட்டளைகளும் மாற்றத்துக்கு முன் /இடிசிக்குள் பழைய அமைப்பைச் சேமிக்க முயல்வதால் இதே காரணத்தால் சண்டித்தனம் செய்யும். சில நூறு எம்பியை முதலில் விடுவித்துக்கொள்வதே சுலபம்.

பழைய டெபியன், உபுண்டு நிறுவல்களில் ரூட்டுக்கு அடுத்தே ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். புதிய இடம் அதற்கு அப்பால் இருப்பதால் ரூட்டை நீட்ட வழி இல்லை. ‘ஸ்வாப்ஆஃப்’ செய்து, மவுண்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் அந்த வரியை எடுத்து, ஸ்வாப் பார்ட்டிஷனையும் அதைச் சுற்றிய எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷனையும் அழித்துவிட்டு, ரூட்டை நீட்டி, ஸ்வாப்பை ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு ஃபைல் சிஸ்டம்) அமைப்பில் உள்ள ‘ரெஸ்யூம்’ கோப்பில் பழைய ஸ்வாப்பின் அடையாள எண்ணான யுயுஐடி தங்கிவிட்டால், ஒவ்வொரு பூட்டிலும் இல்லாத பார்ட்டிஷனுக்காகக் காத்திருக்கும். அதைத் திருத்தி ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’ ஓட்ட வேண்டும். விண்டோஸில் இதே இடைஞ்சலைத் தருவது சி டிரைவுக்குப் பின்னால் நிற்கும் ரிக்கவரி பார்ட்டிஷன். அதனால்தான் ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ மங்கிக் கிடக்கிறது. ‘ரீஏஜென்ட்சி /டிசேபிள்’ கொடுத்து, ‘டிஸ்க்பார்ட்’டில் அதை அழித்து, சி-யை நீட்டி, இறுதியில் சிறிது இடம் விட்டு ரிக்கவரியைத் திரும்ப அமைக்கலாம்.

இத்தனை சிக்கலும் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் போடுவதால் வருவது. டேட்டாபேஸ், பதிவேற்றங்கள், டாக்கர் கோப்புறை ஆகியவற்றுக்குத் தனி விர்ச்சுவல் டிஸ்க் கொடுத்து, பார்ட்டிஷனே போடாமல் நேரடியாக எக்ஸ்ட்4 அமைத்துவிட்டால், பின்னாளில் ஹோஸ்டில் நீட்டி உள்ளே ‘ரீசைஸ்2எஃப்எஸ்’ அடிப்பதோடு வேலை முடிந்தது. நீண்டகாலம் ஓட வேண்டிய விஎம்முக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை என்பேன்.

தாராளமாக ஒரேயடியாகக் கூட்டாதீர்கள். எக்ஸ்ட்4ஐச் சுருக்க அன்மவுண்ட் செய்ய வேண்டும், எக்ஸ்எஃப்எஸ்ஸைச் சுருக்க நடைமுறையில் வழியில்லை, விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கின் அளவைக் குறைக்கவும் முடியாது. தின் டிஸ்க் (எழுத எழுத மட்டுமே ஹோஸ்டில் இடம் பிடிக்கும் டிஸ்க்) என்றால் கொடுத்த அளவு வெறும் வாக்குறுதிதான். எல்லா விஎம்களும் அதை ஒருசேரக் கேட்கும் நாளில் ஹோஸ்ட் நிறைந்து, கேவிஎம் அந்த விஎம்மை அப்படியே நிறுத்திவைக்கும். டிஸ்க் அமைப்பில் ‘டிஸ்கார்ட்’ இயக்கி, உள்ளே ‘எஃப்எஸ்டிரிம்’ டைமர் ஓடவிட்டால், அழித்த இடம் ஹோஸ்டுக்குத் திரும்பும்.

ரேம் கூட்டுவதில் அடுக்குகள் குறைவு, ஏமாற்றம் அதிகம். 4 ஜிபியை 8 ஆக்கியும் வேகம் மாறவில்லை என்றால், பெரும்பாலும் அப்ளிகேஷனுக்குச் சொல்லப்படவில்லை என்பதே காரணம். டேட்டாபேஸ்களில் போஸ்ட்கிரஸின் ‘ஷேர்டு_பஃபர்ஸ்’, மைஎஸ்க்யூஎல்லின் ‘இன்னோடிபி_பஃபர்_பூல்_சைஸ்’ இரண்டுக்கும் இயல்பு அளவு 128 எம்பி. ரேம் கூடினாலும் அவை தாமாகக் கூடுவதில்லை. ஜாவாவில் ‘-எக்ஸ்எம்எக்ஸ்’ குறித்திருந்தால் அதுவே உச்சவரம்பு. ரேம் போதவில்லையா என்பதை ‘ஃப்ரீ’ கட்டளையின் ‘அவெய்லபிள்’ பத்தியையும், ‘விஎம்ஸ்டாட்’டில் ‘எஸ்ஐ’, ‘எஸ்ஓ’ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) எண்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள். ‘ஃப்ரீ’ பத்தி குறைவாக இருப்பது கேஷ் நன்றாக வேலை செய்வதற்கான அடையாளமே.

கேவிஎம்மில் ஓடும்போதே ரேம் ஏற்ற, உச்ச அளவை முன்பே ‘செட்மேக்ஸ்மெம்’ மூலம் வைத்திருக்க வேண்டும், அதுவும் விஎம் அணைந்திருக்கும்போது. அதற்காக உச்சத்தை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டாம்: லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு 4 கேபி பக்கத்துக்கும் 64 பைட் குறிப்பு வைத்துக்கொள்வதால், பலூன் முறையில் (விஎம்முக்கு உச்ச அளவைக் காட்டிவிட்டு, கொடுக்காத பகுதியை உள்ளேயே பிடித்துவைக்கும் முறை) 32 ஜிபி உச்சத்துக்கு 512 எம்பி கணக்கு எழுதவே போய்விடும். ஓடும்போதே ரேம் சேர்க்க உதவும் விஎம்வேரின் ஹாட் ஆட் வசதியையும் விஎம் அணைந்த நிலையில்தான் இயக்கிவைக்க முடியும். ஏற்றிய ரேம் உள்ளே தெரியவில்லை என்றால் ‘எல்எஸ்மெம்’ பாருங்கள். ‘ஆஃப்லைன்’ என்று கிடக்கும் பகுதிகளைச் ‘சிஎச்மெம் -இ’ எழுப்பிவிடும்.

ரேமைக் கூட்டினால் டிஸ்க்கும் குறையும் என்பது பலர் கணக்கில் வருவதில்லை. விஎம்வேரின் சர்வர் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐயில் ரிசர்வேஷன் (ஹோஸ்ட் ரேமில் உறுதிசெய்த ஒதுக்கீடு) இல்லாத விஎம்மை இயக்கும்போது, கொடுத்த ரேம் அளவுக்கே டேட்டாஸ்டோரில் (விஎம் கோப்புகள் இருக்கும் சேமிப்பிடம்) ஒரு ஸ்வாப் கோப்பு உருவாகும். 16 ஜிபியை 32 ஆக்கினால் இன்னும் 16 ஜிபி அங்கே போகும். அந்த இடம் இல்லாவிட்டால் விஎம் பவர் ஆனே ஆகாது. அணைப்பதற்கு முன்பே டேட்டாஸ்டோரைப் பார்த்துவிடுங்கள்.