குயின்ஸ்டவுனா, வானகாவா: சறுக்காத நாளில் என்ன செய்வீர்கள்?

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் பனிச்சறுக்கு என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் பெயர் குயின்ஸ்டவுன். சிட்னியிலிருந்து நாங்களும் முதல் முறை அங்கேதான் போனோம். இரண்டாம் முறை, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வானகா. பெயரைச் சொன்னதும் அம்மா, "என்னது, வானகமா?" என்று கேட்டார். வீட்டில் இன்று வரை அந்த ஊருக்கு அதுதான் பெயர்.

என் ஓட்டு வானகாவுக்கு. ஆனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குயின்ஸ்டவுனுக்குப் போனது ஜூலையில், பள்ளி விடுமுறை உச்சத்தில். வானகாவுக்குப் போனது செப்டம்பர் கடைசியில், சீசன் முடியப்போகும் நேரத்தில். கூட்டத்தையும் வாடகையையும் பற்றி நான் சொல்வதில் பாதி, மாதத்தின் குணமாகக்கூட இருக்கலாம்.

தெரிந்த விஷயங்களை வேகமாக முடித்துவிடலாம். இரண்டும் ஏரிக்கரை ஊர்கள், இரண்டும் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். விமானம் இறங்குவது குயின்ஸ்டவுனில். வானகாவுக்கு அங்கிருந்து கிரௌன் ரேஞ்ச் என்ற மலைக் கணவாய் வழியாக 70 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாப்பாட்டுக் கடைகள், ராத்திரி வெளிச்சம், கடைத்தெரு எல்லாவற்றிலும் குயின்ஸ்டவுன்தான் பெரியது. இதில் வாதமே இல்லை.

முதல் தடவை போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஊருக்குள் பனி கிடக்காது. "பனி பனின்னு சொன்னியே, எங்கடா?" என்று அம்மா கேட்டது நியாயமான கேள்வி. பனி மேலே மலையில் இருக்கும், தினமும் காரிலோ பஸ்ஸிலோ ஏறிப் போய்விட்டு மாலையில் இறங்க வேண்டும். சுவிட்சர்லாந்துப் படங்களில் வருவதுபோல் வாசலிலேயே லிஃப்ட் கிடையாது.

அந்த மலைச் சாலையில் குயின்ஸ்டவுனுக்கே வெற்றி. கரோனெட் பீக் 1947-லிருந்து இயங்கும் பழைய சறுக்குத் தளம். ஊரிலிருந்து அரை மணிகூட ஆகாது, தளம் வரை தார்ச் சாலை. வானகாவிலிருந்து நாங்கள் போன கார்ட்ரோனா சறுக்குத் தளத்துக்குப் பிரதான சாலையை விட்டுப் பிரிந்து சுமார் 14 கிலோமீட்டர் ஏற வேண்டும், பெரும்பாலும் ஜல்லிச் சாலை. இரண்டாம் நாள் காலை பாதி வழியில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் காரை ஓரங்கட்டச் சொல்லி, டயருக்குச் சங்கிலி மாட்டச் சொன்னார். வாடகைக்குக் கொடுத்த கடையில் ஒரு பழைய டயரில் மாட்டிக் காட்டியபோது ரொம்பச் சுலபமாகத் தெரிந்தது. இங்கே கையுறையோடு கொக்கி பிடிபடவில்லை, கழற்றினால் விரல் மரத்துப் போகிறது. இருபது நிமிடம் போராடி மாட்டி எழுந்தால், பத்து வயது மகள் அட்டையைப் படித்துவிட்டு, "அப்பா, இது முன் சக்கர டிரைவ் கார்" என்றாள். நான் மாட்டியிருந்தது பின் சக்கரத்தில். அப்புறம் என்ன, முதலிலிருந்து. (வாடகைக் கார் எடுக்கும்போது, சறுக்குத் தளச் சாலைகளுக்குக் காப்பீடு உண்டா என்று ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள். சில நிறுவனங்கள் அதற்குப் பொறுப்பேற்பதில்லை.)

மறுநாள் காற்று பலமாக அடித்ததால் தளத்தையே மூடிவிட்டார்கள். இரண்டு ஊர்களில் எது என்பதை எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது அந்த நாள்தான்.

கணக்கு இதுதான். ஆறு நாள் பயணம் என்றால் ஆறு நாளும் சறுக்க முடியாது. ஒரு நாள் காற்று, ஒரு நாள் மூட்டம். புதிதாகக் கற்பவர்களுக்கு இரண்டாம் நாளே தொடை இரண்டும் கட்டையாகிவிடும். கூடவே அறுபத்தெட்டு வயது அம்மாவும் வருகிறார் என்றால், அவருக்கு எல்லா நாளும் சறுக்காத நாள்தான். எந்த மலையில் எத்தனை லிஃப்ட் என்று ஒப்பிட்டுப் பட்டியல் போடுகிறவர்கள் இந்த நாட்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

குயின்ஸ்டவுனில் அப்படிப்பட்ட நாளில் செய்ய ஆயிரம் உண்டு. ரோப் கார், ஜெட் படகு, 1912-லிருந்து ஓடும் நிலக்கரி நீராவிக் கப்பல் எர்ன்ஸ்லா, கவராவ் பாலத்திலிருந்து காலில் கயிறு கட்டிக் குதிக்கும் 43 மீட்டர் பஞ்சி ஜம்ப். எல்லாமே நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் சீட்டு, ஒவ்வொன்றையும் நாலால் பெருக்க வேண்டும். மூன்றாவது கவுன்ட்டரில் விலைப் பலகையைப் பார்த்த அம்மா, "நான் ரூமுக்குப் போறேன், நீங்க போயிட்டு வாங்க" என்று திரும்பிவிட்டார். இலவசமாக நடக்க இடமே இல்லை என்று சொன்னால் பாவம். ஏரிக்குள் நீளும் பூங்கா அழகு, குயின்ஸ்டவுன் குன்றும் உண்டு. அந்த ஏரித் தண்ணீர் அரை மணிக்குள் சில அங்குலம் ஏறி இறங்குவதைக் கரைக் கல்லில் பார்க்கலாம், காசில்லாமல். ஆனால் ஊர் முழுவதும் "அடுத்து என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.

வானகா எதையும் கேட்பதில்லை. தளம் மூடிய அன்று காலை ஃபிளாஸ்கில் காபி ஊற்றிக்கொண்டு ஏரியோரப் பாதையில் கிளம்பினோம். அம்மா சுடிதாருக்கு மேல் என் பழைய ஜாக்கெட், காலில் சாதாரண ஷூ. பாதை சமதளம். தண்ணீருக்குள் நிற்கும் அந்த ஒற்றை வில்லோ மரம் துளிர் விட்டிருந்தது. 2020-ல் யாரோ ரம்பத்தால் அதன் கிளைகளை அறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அம்மா வெகுநேரம் அதையே பார்த்துவிட்டு, "கை எப்படிடா வந்துச்சு?" என்றார். இன்னொரு நாள் எதிர்ப்பக்கம், ஏரி முடிந்து க்ளூத்தா ஆறு தொடங்கும் இடம் வரை போனோம். நீர்வரத்தில் அந்த நாட்டிலேயே பெரிய ஆறு, சத்தமே இல்லாமல் கண்ணாடிபோல் வழுக்கிப் புறப்படுகிறது. மதியம் நானும் மகளும் ஊர் எல்லையிலேயே இருக்கும் மவுன்ட் அயர்ன் ஏறினோம். பனியாறு ஒரு பக்கத்தை வழித்து, மறுபக்கத்தைப் பிய்த்துவிட்டுப் போன பாறைக்குன்று, 240 மீட்டர் ஏற்றம், ஒன்றரை மணி நேரத்தில் சுற்றி இறங்கலாம். அன்றைய மொத்தச் செலவு, பேக்கரியில் தின்ற இரண்டு பை (pie).

பெரிய நடை வேண்டுமென்றால் ராய்ஸ் பீக் இருக்கிறது: 1,578 மீட்டர், போய்வர 16 கிலோமீட்டர். கடைசி நாளுக்கு என்று தள்ளி வைத்திருந்தேன், அது அக்டோபர் 1. ஆடுகள் குட்டி போடும் காலம் என்று அன்றிலிருந்து நவம்பர் 10 வரை ஒவ்வோர் ஆண்டும் பாதையை மூடிவிடுவார்கள். வாசல் வரை போய்த்தான் தெரிந்துகொண்டேன். நடுக்குளிர்காலத்திலோ மேலே பனியும் பனிச்சரிவு அபாயமும் உண்டு, அதனால் இது கோடையில் வருபவர்களுக்கே சரி.

சறுக்கின் தரத்தைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை. தொடக்கநிலைச் சரிவுகளைத் தாண்டியவன் அல்ல நான். அந்த அளவில், கார்ட்ரோனாவின் அகலமான சரிவுகளில் மகள் கரோனெட்டைவிடப் பயமில்லாமல் கற்றாள். 1,860 மீட்டர் வரை போகும் மலை, செப்டம்பர் கடைசியிலும் பனி தாங்கியது. வானகாவின் இன்னொரு மலை ட்ரெபிள் கோன், செங்குத்தானது. தேர்ந்தவர்கள் அதற்காகவே இந்தப் பக்கம் வருகிறார்கள். நான் கீழிருந்து பார்த்ததோடு சரி. கார்ட்ரோனாவுக்கும் அதற்கும் ஒரே பாஸ் செல்லும், அதேபோல் கரோனெட்டுக்கும், குயின்ஸ்டவுனின் இன்னொரு தளமான ரிமார்க்கபிள்ஸுக்கும்.

நாலே நாள்தான் லீவு, எல்லோரும் இளவட்டம், கார் ஓட்ட விருப்பமில்லை என்றால் யோசிக்காமல் குயின்ஸ்டவுன். அங்கே தங்கிக்கொண்டே கார்ட்ரோனாவுக்கும் போகலாமே என்று சிலர் சொல்வார்கள். போகலாம், ஆனால் தினமும் 1,076 மீட்டர் கிரௌன் ரேஞ்சைக் கொண்டை ஊசி வளைவுகளோடு இரண்டு முறை கடக்க வேண்டும். வானகாவிலிருந்து அந்தக் கணவாய் குறுக்கே வராது. விமான நிலையத்திலிருந்து வரும் நாளில் உறைபனி எச்சரிக்கை இருந்தால் க்ராம்வெல் ஊர் வழியே சுற்றி வாருங்கள்; தூரம் அதிகம், ஆனால் மகள் வாந்தி எடுக்கவில்லை.