ஸ்கோபஸா, வெப் ஆஃப் சயன்ஸா: நிறுவனச் செயல்திறன் ஆய்வுகளை வரைபடமாக்க எது?

நிறுவனச் செயல்திறன் பற்றிய கட்டுரைகளை வாஸ்வியூவர் என்ற மென்பொருளில் வரைபடமாக்குவதற்கு முன்பு, தரவை எங்கே எடுப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் என்ற இரண்டு ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளங்களிலும் எடுத்துப் பார்த்துவிட்டு நான் வெப் ஆஃப் சயன்ஸையே வைத்துக்கொண்டேன்.

ஸ்கோபஸில் இதழ்கள் அதிகம். ஆயிரக்கணக்கான பதிவுகள் ஒரே சீஎஸ்வி (அட்டவணை) கோப்பாக இறங்கிவிடும். வெப் ஆஃப் சயன்ஸில் மேற்கோள்களோடு வேண்டுமென்றால் ஒரு தடவைக்கு 500தான். துண்டு துண்டாக எடுத்துச் சேர்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் ஒரு பிற்பகலில் முடிந்துவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது மேற்கோள் வரிகளின், அதாவது கட்டுரையின் ஆதாரப் பட்டியலில் உள்ள வரிகளின், சுத்தம். இணை மேற்கோள் வரைபடத்தில் (எந்தப் படைப்புகள் ஒரே கட்டுரையில் சேர்ந்து மேற்கோள் காட்டப்படுகின்றன என்று காட்டுவது) மென்பொருள் அந்த வரிகளைத்தான் ஒப்பிடுகிறது. வரி மாறினால் வேறு படைப்பு என்று எடுத்துக்கொள்ளும். காப்லனும் நார்ட்டனும் 1992இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய பேலன்ஸ்டு ஸ்கோர்கார்டு (செயல்திறனை அளக்கும் ஒரு முறை) கட்டுரையைப் பாருங்கள். ஸ்கோபஸ் வரியில் தலைப்பும் சேர்ந்தே வரும். ஒருவர் தலைப்பின் நடுவே கோடு போட்டிருப்பார், இன்னொருவர் முக்காற்புள்ளி வைத்திருப்பார். மையத்தில் பெரிதாக நிற்க வேண்டிய கட்டுரை சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறும். குறைந்தபட்ச மேற்கோள் வரம்பை வைத்ததும் அவற்றில் பல காணாமலே போய்விடும். வெப் ஆஃப் சயன்ஸ் வரியில் தலைப்பே கிடையாது. முதல் ஆசிரியர், 1992, இதழின் சுருக்கப் பெயர், தொகுதி 70, பக்கம் 71, அவ்வளவுதான்.

புத்தகங்கள் மட்டும் இங்கேயும் படுத்தும். காப்லன், நார்ட்டன் இருவருடைய 1996 புத்தகத்தின் பெயர் விதவிதமாக வெட்டுப்பட்டு வரும். அதற்கு வாஸ்வியூவருக்குக் கொடுக்கும் ஒரு தெசாரஸ் (மாற்றுச் சொல் பட்டியல்) கோப்பு போதும்: ஒரு நெடுவரிசையில் தப்பான வடிவம், அடுத்ததில் சரியானது. ஸ்கோபஸுக்கும் இதையே செய்யலாம்தான். ஆனால் அங்கே அந்தக் கோப்பு நீண்டுகொண்டே போகும். இதழின் மதிப்பீட்டாளர் கேட்டு இந்த ஆண்டுக் கட்டுரைகளையும் சேர்த்தால் புது வடிவங்கள் முளைக்கும், மறுபடி உட்கார வேண்டும்.

சரி, மேற்கோள் காட்டப்பட்ட ஆசிரியர்களை வைத்து வரைவதாக இருந்தால்? அப்போது ஸ்கோபஸ்தான். செயல்திறனை எப்படி அளப்பது என்று 1986இல் எழுதிய வெங்கட்ராமன், ராமானுஜம் இருவரில் வெப் ஆஃப் சயன்ஸ் மேற்கோளில் வெங்கட்ராமன் மட்டுமே இருப்பார். கூட்டாக எழுதுவது சகஜமான துறையில் இது பெரிய இழப்பு.

குறிச்சொல் வரைபடத்துக்கு எதுவானாலும் சரி. 'ஃபர்ம் பெர்ஃபார்மன்ஸ்', 'பிசினஸ் பெர்ஃபார்மன்ஸ்' இரண்டையும் ஒன்றாக்குவதா என்ற முடிவை நீங்களேதான் எடுக்க வேண்டும். நூல் இணைப்பு வரைபடம் (ஒரே படைப்புகளை மேற்கோள் காட்டும் கட்டுரைகளை இணைப்பது) நான் அதிகம் போட்டதில்லை. அதற்கு என் பேச்சை நம்பி இறங்க வேண்டாம்.