மண்ணடி இஞ்சி அத்தர்: மீன் வாடைக்கு நடுவே தாங்குமா?

காசிமேட்டில் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் சென்ட் பற்றி எழுத வந்தால் சிரிக்கத்தான் செய்வீர்கள். ஆனால் ஒரு வாசனையின் தரத்தைச் சோதிக்க மீன்பிடித் துறைமுகத்தைவிடக் கறாரான இடம் கிடையாது. மல்லிகை சென்ட் அடித்துக்கொண்டு ஏலம் நடக்கும் பக்கம் ஒரு சுற்று போய் வாருங்கள். மல்லியும் மீனும் கலந்து மூன்றாவதாக ஒன்று கிளம்பும். அதற்கு வெறும் மீன் வாடையே தேவலை. அகில் கட்டையில் எடுக்கிற ஊத் அத்தர் இன்னும் மோசம். கல்யாண வீட்டு ஏசி ஹாலில் மணக்கிற அது, எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் தலையைப் பிடித்துக்கொள்ளும்.

இங்கே எடுபடுகிற சரக்கு இஞ்சி. வஞ்சிரத்துக்கு மசாலா தடவும்போது இஞ்சியும் எலுமிச்சையும் எதற்குச் சேர்க்கிறோமோ அந்தக் கணக்குதான் சட்டைக்கும். மீன் வாடையோடு அது மல்லுக்கு நிற்பதில்லை, வாடையை வெட்டிவிடுகிறது.

நான் வாங்குவது மண்ணடியில், அங்கப்ப நாயக்கன் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிற சின்னக் கடையில். பெயர்ப்பலகை பாதி வெளுத்துவிட்டது. இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தெருவில்தான் நிற்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் மூடி போட்ட குப்பிகள், கீழே அலுமினிய டப்பாக்கள், கல்லா மேசையில் ஊசி இல்லாத சிரிஞ்சுகள். கேட்ட அளவை சிரிஞ்சில் இழுத்து, குட்டி பாட்டிலில் இறக்கி, வாயில் ரோல்-ஆன் உருளைக் குண்டை அழுத்தி மூடித் தருவார் பாய். வாங்கினால்தான் முகரலாம் என்ற கெடுபிடி கிடையாது. முழங்கைவரை வெவ்வேறு இடங்களில் தடவிக் காட்டுவார். மணிக்கட்டோடு மணிக்கட்டைத் தேய்க்கப் போனால் மட்டும், "தேய்க்காதீங்க தம்பி, வெச்சிட்டு விட்டுடுங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார்.

இஞ்சியில் அவரிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று தனி இஞ்சி எண்ணெய். இதை அப்படியே தோலில் பூசக் கூடாது, எரிச்சல் வரும். வேறு எண்ணெயில் கலந்துதான் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று இஞ்சியும் வெட்டிவேரும் கலந்த அத்தர். நான் சொல்வது இந்த இரண்டாவதைப் பற்றி. 6 மில்லி 280 ரூபாய்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். டீக்கடை இஞ்சி வாசனையை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இஞ்சி எண்ணெயைப் பெரும்பாலும் காய்ந்த இஞ்சியை நீராவியில் வடித்துத்தான் எடுக்கிறார்கள். தொண்டையில் இறங்கும் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால் ஆவியோடு ஏறி வராது, சக்கையிலேயே தங்கிவிடும். அதனால் மணம் வரும், காரம் வராது. காரமும் சேர்ந்து வேண்டுமென்றால் அழுத்தத்தில் கரியமில வாயுவைச் செலுத்தி எடுக்கிற சாறு இருக்கிறது. அது இந்த விலைக்குக் கட்டாது. பச்சை இஞ்சியை நறுக்கியதும் மூக்கில் அடிக்கிற எலுமிச்சை வாசனை சிட்ரால் என்ற பொருளுடையது, காயக் காய அது குறைந்துவிடும். ஆகவே பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் சுக்குதான். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மூட்டை பிரித்து வைத்திருக்கும் மளிகைக் கடைகளைத் தாண்டிப் போயிருந்தால் உங்களுக்கு அது பழகிய மணம்.

தடவியதும் எலுமிச்சைத் தோலும் துளிக் கற்பூரமும் சேர்ந்த மாதிரி ஒரு வெட்டு. "கொச்சி சரக்கு" என்கிறார் பாய். கொச்சி இஞ்சிக்கு எலுமிச்சை தூக்கல் என்று வியாபாரத்தில் பெயர் உண்டு, அதனால் இருக்கலாம். அது அடங்கியதும் சுக்கு எழும். சூடாக, லேசாக மண் படிந்த மாதிரி, இனிப்பே இல்லாமல். எனக்குப் பிடித்த கட்டம் இதுதான், இதற்காகத்தான் காசு கொடுக்கிறேன். துறைமுகக் காற்றில் அப்போதுதான் வெளியே வந்து நிற்பேன். மதியச் சாப்பாட்டுக்குள் இஞ்சி போய்விடுகிறது. அப்புறம் சாயங்காலம்வரை வெட்டிவேர் ராஜ்ஜியம். அது நல்ல வெட்டிவேர்தான், கடலூர்ப் பக்கத்துச் சரக்காம். ஆனால் இஞ்சி என்று கேட்டு வாங்கியவனுக்குப் பாதி நாள் வெட்டிவேர் என்பது கொஞ்சம் கூடுதல். இஞ்சியை இன்னும் ஒரு பங்கு ஏற்றலாம் என்று பாயிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். ஏற்றவில்லை.

இன்னொரு குறை. "கலப்படமே இல்லை, எல்லாம் சந்தனத்துல எறக்கினது" என்கிறார். அத்தருக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்துக் கன்னோசியில் பழைய முறைப்படி செப்பு அண்டாவில் காய்ச்சி, ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவார்கள், உண்மை. ஆனால் இன்றைய சந்தன எண்ணெய் விலைக்கு 280 ரூபாயில் அது நடக்கிற காரியமா? வாசனையில்லாத ஏதோ ஓர் அடிப்படை எண்ணெயில்தான் கலக்கிறார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லிவிட்டு விற்கலாம்.

உருளைக் குண்டும் சரியில்லை. முதலில் அசையாது, அழுத்தினால் ஒரேயடியாகக் கொட்டும். வெள்ளைச் சட்டைக் காலரில் மஞ்சள் கறை படிந்தால் லேசில் போகாது, காதுக்குப் பின்னால் தடவுங்கள்.

துபாயில் இருக்கும் நண்பன் ஒருமுறை ஹெர்மெஸ் கம்பெனியின் 'அன் ஜார்டான் அப்ரே லா மூசோன்' கொண்டுவந்து காட்டினான். கேரளத்து மழையை மனதில் வைத்து ஜான் குளோட் எலெனா 2008இல் செய்தது. இஞ்சி, ஏலம், கொத்தமல்லி விதை, மிளகு என்று நம் அஞ்சறைப் பெட்டியே உள்ளே இருக்கிறது. அழகுதான். ஆனால் மழை பெய்து ஓய்ந்த பிறகு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைத்த அழகு. காசிமேட்டு வெயிலில் அது கண்ணில்கூடப் படாது. மண்ணடி பாட்டில் முரட்டுத்தனமானது, எனக்கு அதுதான் தோது.

வாங்கினால் 6 மில்லிக்கு மேல் வேண்டாம். இஞ்சி எண்ணெயின் முக்கியப் பொருளான சிஞ்சிபெரீன் காற்றும் வெளிச்சமும் பட்டால் மெல்ல மாறிவிடும், மணம் மந்தமாகும். பைக் டிக்கியில் போட்டு வைக்காமல் பீரோவில் வையுங்கள். கடைக்கு மண்ணடி மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். பர்மா அத்தோ நூடுல்ஸ் சாப்பிடுவதாக இருந்தால் அத்தர் வாங்கிய பிறகு சாப்பிடுங்கள். வறுத்த வெங்காயம் ஏறிய மூக்குக்கு எல்லா பாட்டிலும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் கடை சாத்தியிருக்கும், மூன்று மணிக்கு மேல் போங்கள்.