செஸ்னா 172 + ஜி1000: மதுரைப் பக்கம் இன்ஸ்ட்ருமென்ட் அப்ரோச்சுக்கு எப்படி?

மதுரை விமான நிலையம் 459 அடி உயரத்தில் இருக்கிறது. 09/27 என்று ஒரே ரன்வே, நீளம் ஏறத்தாழ 2,285 மீட்டர். செஸ்னா 172 எஸ் மாதிரி சின்ன விமானத்துக்கு இது தாராளம். மேகத்துக்குள் இருந்து அந்த ரன்வேக்கு இறங்கி வருவதற்கு கார்மின் ஜி1000 திரைகளும் ஜிஎஃப்சி 700 ஆட்டோபைலட்டும் எவ்வளவு தூரம் கை கொடுக்கும், எங்கே காலை வாரும் என்பதுதான் இங்கே பேச்சு. பழைய கேஏபி 140 ஆட்டோபைலட் உள்ள 172-க்கு இதில் பாதி பொருந்தாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். 90 நாட் வேகத்தில் லோக்கலைசரை (ரன்வேயின் நேர்கோட்டைக் காட்டும் ரேடியோ கற்றை) பிடித்து கிளைட்ஸ்லோப்பில் (இறங்கும் சரிவைக் காட்டும் கற்றை) உட்கார்ந்துவிட்டால், ஜிஎஃப்சி 700 கோட்டை விட்டு அசையாது. ஆடி மாத மேற்குக் காற்றின் குலுக்கலில்கூட, கையால் ஓட்டுவதைவிட ஊசி நடுவில் நிற்கும். விஓஆர் (திசை காட்டும் தரை ரேடியோ நிலையம்), ஐஎல்எஸ் (லோக்கலைசரும் கிளைட்ஸ்லோப்பும் சேர்ந்த அமைப்பு) அலைவரிசையை அப்ரோச்சோடு சேர்த்துத் தானே ஏற்றிவிடும், மோர்ஸ் அடையாளத்தையும் படித்து எழுத்தில் காட்டும். தனியாகப் பறக்கிறவருக்கு இது பெரிய ஆறுதல்.

வினை வருவது பெரும்பாலும் இறுதி இறக்கப் புள்ளிக்கு முந்தைய இரண்டு நிமிடங்களில். விஓஆர் அப்ரோச்சை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் தேர்ந்தெடுத்ததும், இதற்கு ஜிபிஎஸ் வழிகாட்டல் கண்காணிக்க மட்டும்தான் என்று ஒரு செய்தி வரும். எல்லோரும் என்டர் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பெட்டி, அதாவது ஜி1000, மெஜந்தா நிற ஜிபிஎஸ் கோட்டை அழகாகக் காட்டும், ஆட்டோபைலட்டும் அதையே பின்பற்றும், எல்லாம் சரியாக இருப்பதுபோலவே இருக்கும். ஆனால் பறப்பது விஓஆர் அப்ரோச் அல்ல. சிடிஐ சாஃப்ட்கீயை (ஊசி எதைப் பின்பற்ற வேண்டும் என்று மாற்றும் பட்டன்) தட்டி ஊசியைப் பச்சைக்கு, அதாவது விஓஆருக்கு, மாற்ற வேண்டும். அப்படிக் கையால் மாற்றிய நொடியில் ஆட்டோபைலட் ரோல் மோடுக்குப் போய்விடும். நாவ் அல்லது அப்ரோச் பட்டனை மறுபடி அழுத்தாவிட்டால் இறக்கையை மட்டமாக வைத்துக்கொண்டு நேராகப் போய்க்கொண்டே இருக்கும். நிறம், மோடு, அடையாள எழுத்து மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும். ஐஎல்எஸ் என்றால் ஜிபிஎஸ்ஸிலிருந்து லோக்கலைசருக்கு அதுவே மாறும், மோடும் கழலாது. ஆனால் அலைவரிசை ஸ்டாண்ட்பையிலேயே கிடந்தால் அதுவும் மாறாது.

இன்னொன்று, 'வெக்டர்ஸ்' என்று தேர்ந்தெடுத்து அப்ரோச்சை ஏற்றுவது. கன்ட்ரோலர் கடைசி வரை திசை சொல்லித் திருப்பினால் சரி. நடுவில் ஒரு புள்ளியின் பெயரைச் சொல்லி நேரே அங்கே போகச் சொன்னால், அந்தப் புள்ளியே பட்டியலில் இருக்காது, ஏனென்றால் வெக்டர்ஸ் போட்டதும் முந்தைய புள்ளிகள் உதிர்ந்துவிடும். எப்போதும் தொடக்கப் புள்ளியோடு முழுதாக ஏற்றுங்கள். தேவைப்படும்போது வெக்டர்ஸ் டு ஃபைனல் போட்டுக்கொள்ளலாம்.

ஆல்டிமீட்டர் (காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவி). இது தனியாகப் பேச வேண்டிய விஷயம். திரை அங்குலக் கணக்கில் நின்றால் பிஎஃப்டி சாஃப்ட்கீக்குள் ஆல்ட் யூனிட் போய் ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மனக்கணக்கில் மாற்றிப் போடுவது வம்பு. ஒரு ஹெக்டோபாஸ்கல் சுமார் 28 அடி. டவர் 1005 என்று சொல்ல, திரையில் 1013 என்றே விட்டுவிட்டால் நீங்கள் நினைப்பதைவிட 220 அடி கீழே இருக்கிறீர்கள். ஐஎல்எஸ்ஸில் முடிவெடுக்கும் உயரமே தரையிலிருந்து 200 அடி என்றால் மிச்சம் என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் அட்சரேகையில் வேறொரு நுணுக்கமும் உண்டு: வானிலை மாறாவிட்டாலும் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் அழுத்தம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் தானாகவே இறங்கும். காலையில் கிளம்பும்போது வாங்கிய க்யூஎன்எச்சை (ஆல்டிமீட்டரில் போடும் அழுத்த எண்) வைத்துக்கொண்டு மாலையில் திரும்பினால் ஏறத்தாழ 100 அடி காணாமல் போயிருக்கும். பக்கத்தில் இருக்கும் ஸ்டாண்ட்பை ஆல்டிமீட்டரையும் மறக்காமல் திருப்புங்கள், அது தானாகச் சேர்ந்து மாறாது.

மினிமம்ஸை (ரன்வே தெரியாவிட்டால் அதற்குக் கீழே இறங்கக் கூடாத உயரம்) டைமர்/ரெஃப் ஜன்னலில் போட்டு வைத்தால் அந்த உயரத்தில் குரல் கொடுக்கும். ஆல்டிமீட்டர் தப்பென்றால் குரலும் தப்பான இடத்தில்தான் வரும்.

இன்ஜின் கைவேலைதான், ஆட்டோபைலட் த்ராட்டிலைத் தொடாது. ஃபிளாப் 10 டிகிரி, மட்டமாக 90 நாட் என்றால் 2,000 முதல் 2,100 ஆர்பிஎம். கிளைட்ஸ்லோப் ஊசி நடுவை நெருங்கும்போது சுமார் 300 குறைத்து 1,700–1,800-க்குக் கொண்டுவர வேண்டும். விமானத்துக்கு விமானம் 50, 100 முன்னே பின்னே இருக்கும். குறைக்க மறந்தால் வேகம் ஏறி 110 நாட்டைத் தொடும், 10 டிகிரி ஃபிளாப்புக்கு அதுதான் எல்லை. முழு ஃபிளாப்புக்கு எல்லை 85 நாட் என்பதால் ரன்வே கண்ணில் பட்டதும் மொத்தமாக இறக்கிவிட முடியாது.

3 டிகிரி சரிவுக்கு இறங்கும் வீதம், தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் கிடைத்துவிடும்: 90 நாட்டுக்கு நிமிடத்துக்கு 450 அடி. ஆனி, ஆடியில் 27 ரன்வேக்கு (மேற்கு நோக்கி) வரும்போது எதிர்காற்று 20 நாட் என்றால் தரைவேகம் 70, இறக்கம் 350 அடிதான். நேரம் பார்த்து முடிக்கும் அப்ரோச்சில் 5 கடல் மைலுக்கு 3 நிமிடம் 20 விநாடி எடுத்தது 4 நிமிடம் 17 விநாடி ஆகும். சார்ட்டில் 90 நாட்டுக்கு நேராக உள்ள நேரத்தை அப்படியே ஸ்டாப்வாட்சில் போடுகிறவர்கள் ரன்வேக்கு ஒரு மைல் முன்பே மிஸ்டு அப்ரோச்சுக்கு (இறங்காமல் மறுபடி மேலேறுவது) போய்விடுவார்கள்.

ககன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். இஸ்ரோவும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த இந்த ஜிபிஎஸ் துணை அமைப்புக்கு, செங்குத்து வழிகாட்டலோடு இறங்கும் ஏபிவி-1 தரத்துக்கான டிஜிசிஏ (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) சான்று 2015 ஏப்ரலில் கிடைத்தது. 2022 ஏப்ரலில் இண்டிகோவின் ஏடிஆர் விமானம் ராஜஸ்தானின் கிஷன்கரில் இதை வைத்து இறங்கியது. சிக்னல் வானத்தில் இருக்கிறது என்பதாலேயே திரையில் எல்பிவி (ஜிபிஎஸ்ஸை வைத்தே செங்குத்து வழிகாட்டலோடு இறங்கும் வகை) என்று வந்துவிடாது. அந்த விமான நிலையத்துக்கு எல்பிவி அப்ரோச் வெளியாகியிருக்க வேண்டும், அது உங்கள் டேட்டாபேஸிலும் ஏறியிருக்க வேண்டும், பெட்டியின் மென்பொருள் ககனை ஏற்கவும் வேண்டும். ஜிபிஎஸ் ஸ்டேட்டஸ் பக்கத்தில் எஸ்பிஏஎஸ் (ககன் போன்ற துணை அமைப்புகள்) தேர்வைத் திறந்தால் ககன் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எல்லாம் இருந்தாலும் தென் தமிழ்நாட்டுக்கு ஒரு கூடுதல் தலைவலி. காந்த நிலநடுக்கோடு நமக்குச் சற்றுத் தெற்கே ஓடுகிறது. சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தில் கொப்புளங்கள் கிளம்பி ஜிபிஎஸ் சிக்னலை நடுங்க வைக்கும். இரவு 7, 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை, அதிலும் மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில், சூரியப் புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் இது அதிகம். செங்குத்துத் துல்லியம்தான் முதலில் அடிபடும். இறுதி இறக்கப் புள்ளிக்கு ஒரு நிமிடம் முன்பு பெட்டி கணக்குப் பார்க்கும், தேறாவிட்டால் அப்ரோச்சை எல்நாவ் (பக்கவாட்டு வழிகாட்டல் மட்டும்) ஆகக் குறைத்துவிடும். அப்போது மினிமம்ஸும் மாறும். ஆகவே எல்நாவ் உயரத்தை முன்கூட்டியே குறித்து வைக்காமல் இரவு அப்ரோச்சைத் தொடங்குவது சரியல்ல. மஞ்சளில் எல்ஓஐ (ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது என்ற எச்சரிக்கை) வந்தால் பேச்சே இல்லை, ஜிபிஎஸ்ஸை விட்டுவிட வேண்டியதுதான். தரையிலிருக்கும் ஐஎல்எஸ்ஸும் விஓஆரும் இந்தக் கொப்புளங்களைக் கண்டுகொள்வதில்லை. மாலைக்குப் பிறகு வருவதாக இருந்தால் எங்கள் ஓட்டு அவற்றுக்குத்தான்.

மிஸ்டு அப்ரோச்சில் ஜிஏ (கோ அரவுண்ட்) பட்டனை அழுத்தியதும் ஆட்டோபைலட் கழன்றுவிடும். மூக்கை உயர்த்தச் சொல்லும் கட்டளைக் கோடு மட்டும் திரையில் நிற்கும். ஏற்றிவிடும் என்று காத்திருக்கக் கூடாது. முழு த்ராட்டில், மூக்கு 7, 8 டிகிரி, ஃபிளாப்பை எடு, ட்ரிம் செய், பிறகு பட்டன்கள். 38 டிகிரி வெயிலில் மதுரையின் அடர்த்தி உயரம் (மெலிந்த காற்று எந்த உயரத்துக் காற்றுக்குச் சமம் என்ற கணக்கு) 3,500 அடியைத் தொடும். நிறைந்த எடையில் நிமிடத்துக்கு 500 அடி ஏறினால் நல்லது. வடக்கு வடமேற்கில் சுமார் 3 கடல் மைலில் திருப்பரங்குன்றம் மலை 1,000 அடியைத் தாண்டி நிற்கிறது, அப்பால் நாகமலை, வடக்கே 4,000 அடிக்கு மேல் சிறுமலை. சார்ட் சொல்லும் பக்கத்தைத் தவிர வேறு பக்கம் திரும்ப ஆசைப்பட வேண்டாம். இரவில் மேற்கிலிருந்து வரும்போது கப்பலூர் பக்கம் நான்குவழிச் சாலை விளக்கும் சுங்கச்சாவடி வெளிச்சமும் மேக இடைவெளியில் ரன்வே மாதிரி ஆசை காட்டும்.

எரிபொருள் கணக்கில் ஐப்பசி, கார்த்திகைக்குத் தனி யோசனை வேண்டும். திருச்சியும் தூத்துக்குடியும் மதுரையிலிருந்து ஏறக்குறைய ஒரே தூரம், 65–70 கடல் மைல். மாற்று நிலையமாக ஒன்றைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம், ஆனால் வடகிழக்குப் பருவமழையில் ஒரே மேகப்பட்டை மூன்றையும் மூடிவிடுவது சகஜம். கோவை 95 கடல் மைல், நேர்கோட்டில் போனால் 8,000 அடிக்கு மேல் எழும் பழனி மலை. 172 எஸ்ஸில் பயன்படும் எரிபொருள் 53 காலன், அதாவது சுமார் 200 லிட்டர். மணிக்கு 34 லிட்டர் வைத்தால் திருச்சிக்கும் அதற்கு மேல் 45 நிமிடத்துக்கும் 50 லிட்டர் போதும். கோவையை நினைத்தால் 65 லிட்டருக்குக் கீழே மதுரையில் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

பராமரிப்பில் வெயில்தான் எதிரி. சித்திரை வெயிலில் நிறுத்திய விமானத்தில் ஏறியதும் திரைகளைப் போடாமல் கதவைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள். இல்லாவிட்டால் கூலிங் போதவில்லை என்ற செய்தியோடு திரை தன் மின்சாரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேகம் அளக்க உதவும் பிட்டாட் குழாய்க்கு உறை போடாமல் இரண்டு நாள் விட்டால் குளவி மண்கூடு கட்டிவிடும். ஊதிப் பார்க்காதீர்கள், அதற்கு மெக்கானிக் வேண்டும். ஒரு திரை அணைந்தால் ஆடியோ பேனலின் சிவப்பு டிஸ்ப்ளே பேக்கப் பட்டன் மற்றதில் எல்லாவற்றையும் காட்டும், சாஃப்ட்கீ இடங்கள் மாறித் தெரியும். வெயில் நாளில் ஒருமுறை அழுத்திப் பார்த்துப் பழகுங்கள்.

டேட்டாபேஸ் 28 நாளுக்கு ஒருமுறை. புதுப்பிக்கும் கார்டு மேல் துளையில், இரண்டு திரைக்கும் தனித்தனியாக ஏற்ற வேண்டும். நிலப்பரப்புத் தரவுள்ள கார்டு கீழ்த் துளையில் எப்போதும் இருக்க வேண்டும், அதை எடுத்தால் மலை எச்சரிக்கையும் போய்விடும். சார்ட்டுக்கு ஏஐஎம் இந்தியா தளத்தின் இஏஐபி (விமானத் தகவல்களின் மின்னணுத் தொகுப்பு) இலவசம். பெட்டியில் இருக்கும் புள்ளிகளின் பெயரும் உயரமும் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று கிளம்பும் முன் வரி வரியாகப் பார்த்துவிடுங்கள்.