எஞ்சின் ஓடுகிறது, விளக்கு எரியவில்லை: என் ஜெனரேட்டருடன் ஏழு மழைக்காலம்

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று திருத்துறைப்பூண்டி நண்பர் கேட்டார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம்கூட மிஞ்சவில்லை. இரண்டு கேவிஏ திறனுள்ள இந்த ஜெனரேட்டர் அந்த வாரம் வாங்கியது. காலையில் எங்கள் தண்ணீர்த் தொட்டி, பிறகு பக்கத்து மூன்று வீட்டுத் தொட்டிகள், சாயங்காலம் தெருவுக்கே செல்போன் சார்ஜ். ஒருநாளும் முரண்டு பிடிக்கவில்லை. அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு.

அதன் சத்தமும் எனக்குப் பிடிக்கும். அரைக் குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரைப் போட்டதும் ஒரு கணம் திணறி, உறுமி, நிமிர்ந்துகொள்ளும். வைண்டிங்கில், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருளில், மின்னோட்டம் ஏறினால் அதன் காந்தப்புலம் நடுவில் சுழலும் காந்தப் பகுதியான ரோட்டாரை எதிர்த்துப் பிடிக்கிறது. அந்தப் பிடியை மீறி நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால்தான் வீட்டு மின்சாரத்துக்கு வேண்டிய 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண் நிற்கும். பெட்ரோல் படும் பாடு காதிலேயே கேட்கும்.

என் ஆத்திரமெல்லாம் ஒன்றின் மேல்தான். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் இதன் காந்தம் செத்துப்போகிறது. கயிற்றை ஒரே இழுப்பு, எஞ்சின் ஓடும், பல்பு எரியாது. ரோட்டாரின் இரும்பில் மிச்சமிருக்கும் துளிக் காந்தம்தான் முதல் சொட்டு மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏவிஆர் என்ற சின்னக் கருவி அதை எடுத்து ரோட்டாருக்கே திருப்பி ஊட்டி வளர்க்கும். துளி இல்லையென்றால் வளர்க்க எதுவுமில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தல் பக்கம் நிற்கும் பழைய காற்றாலைகளிலும் கிட்டத்தட்ட இதே கதை: இண்டக்‌ஷன் ஜெனரேட்டர் தனக்கு வேண்டிய காந்தத்தை மின்கம்பியிலிருந்துதான் வாங்குகிறது. கம்பியில் மின்சாரம் நின்றால் காற்று எவ்வளவு அடித்தாலும் உற்பத்தி கிடையாது.

விற்ற கடையில் வைண்டிங் போய்விட்டது, புதிதாகக் கட்ட வேண்டும் என்றார்கள். நம்பிக் காசு கொடுக்க இருந்தேன். காயில் கட்டும் பெரியவர் ஒருவர் எஞ்சினை நிறுத்தி, ஏவிஆர் இணைப்பைக் கழற்றி, பைக் பேட்டரியின் பிளஸ் மைனஸைப் பார்த்து ரோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோகும் கார்பன் பிரஷ்களில் இரண்டு விநாடி தொட்டு எடுத்தார். மறுபடி எல்லாவற்றையும் மாட்டி இழுத்தார். பல்பு பளிச்சென்று எரிந்தது. ஐம்பது ரூபாய்கூட வாங்க மறுத்துவிட்டார். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் லோடு கொடுத்து ஓட்டு என்று கடைக்காரர் அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இதை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்று: திண்ணையில்கூட வைத்து ஓட்டாதீர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். ஃபேனுக்கும் விளக்குக்கும் இன்வெர்ட்டர் போதும். என்னுடையதை விலைக்குக் கேட்காதீர்கள், தர மாட்டேன். ஐப்பசி பிறப்பதற்குள் அதற்குப் புது பிரஷ் போட வேண்டும்.