வேலை தேட பிஹான்ஸ் மட்டும் போதுமா?

சேலத்தில் டிசைன் படித்துவிட்டு கோவைக்கும் பெங்களூருக்கும் வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் பலர் ரெஸ்யூமேயோடு வைப்பது ஒரு பிஹான்ஸ் லிங்க்தான். டிசைனர்கள் தங்கள் வேலைகளைப் படமாக ஏற்றிக் காட்டும் இணையதளம் அது. காசில்லை, டொமைன் வேண்டாம், கோடிங் வேண்டாம். 2012-இல் ஃபோட்டோஷாப் நிறுவனமான அடோபி அதை வாங்கிவிட்டதால் ஃபோட்டோஷாப்புக்கு வைத்திருக்கும் கணக்கிலேயே நுழைந்துவிடலாம். செய்த வேலைகளை அடுக்கிவைக்க அருமையான இடம். ஆனால் அதை மட்டும் நம்பி விண்ணப்பிக்கக் கூடாது என்பதே எங்கள் தீர்ப்பு.

படம் ஏற்றுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1400 பிக்சல் அகலத்தில் எக்ஸ்போர்ட் செய்தால் தெளிவாக நிற்கும். பட்டியலில் முதலில் தெரியும் கவர் படத்துக்கு 808-க்கு 632 பிக்சல். இந்தக் கவரில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பிராஜெக்ட் பெயரைப் பொடி எழுத்தில் போட்டால் போன் திரையில் ஒன்றும் தெரியாது. ஒரு பொருள், பின்னால் ஒரு நிறம், அவ்வளவே போதும். அச்சுக்குப் போன சிஎம்ஒய்கே (அச்சு மைகளுக்கான நிறமுறை) ஃபைலை அப்படியே ஏற்றினால் நிறம் மாறித் தெரியும். திரைக்கான நிறமுறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

தமிழ் எழுத்தில் தனிக் கவனம் வேண்டும். பக்கம் வடிவமைக்கும் அடோபி மென்பொருளான இன்டிசைனில், இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்வு செய்யாமல் ‘கொலுசு’ என்று அடித்தால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்விடும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடைக்குச் செய்த கேட்டலாக்கில் அந்த ஒரு பிழை இருந்தால் போதும், தமிழ் தெரிந்த ஆர்ட் டைரக்டர் அத்தோடு மூடிவைத்துவிடுவார்.

பிஹான்ஸின் பெரிய குறை, உங்கள் பிராஜெக்ட் முடியும் இடத்திலேயே அடுத்தவர் வேலைகளைக் காட்டுவது. பக்கத்துக் கடைக்கு வழிகாட்டும் பலகையை நம் வாசலில் மாட்டியது மாதிரி. ஆள் எடுப்பவர் அப்படியே நழுவிப் போகலாம். லைக் எண்ணிக்கையை யாரும் சம்பளத்தில் சேர்ப்பதும் இல்லை. பணம் கட்டி கிரியேட்டிவ் கிளவுட் (அடோபி மென்பொருள் சந்தா) வைத்திருப்பவர்களுக்கு, சொந்தத் தளம் அமைக்க உதவும் அடோபி போர்ட்ஃபோலியோ கூடவே கிடைக்கிறது. பிஹான்ஸ் வேலைகளை அதற்குள் இழுத்துக்கொள்ளலாம், இந்தத் தொல்லையும் இல்லை. சந்தாவை நிறுத்தினால் மட்டும் தளமும் போய்விடும்.

எங்கே வைத்தாலும் சரக்கு வேண்டுமே. முப்பது லோகோ, இருபது கல்யாணப் பத்திரிகை, பத்து ஃபிளெக்ஸ் என்று குவிப்பதைவிட ஐந்தாறு வேலைகளை முழுதாகக் காட்டுங்கள். ஏற்காடு காபித்தூளுக்கு 200 கிராம் பை செய்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் முடிந்த பையின் படம். அடுத்து, வாடிக்கையாளர் கேட்டது என்ன என்று இரண்டே வரி. பிறகு தள்ளிவிட்ட இரண்டு லேபிள், ஏன் தள்ளினீர்கள் என்ற காரணத்தோடு. அதன்பின் வெட்டுக்கோடு, மடிப்புக்கோடு தெரியும் விரித்த வடிவம். பின்பக்கத்தைக் கட்டாயம் காட்டுங்கள்: 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், நிகர எடை, சைவத்தைக் குறிக்கும் பச்சைப் புள்ளி எல்லாம் எப்படி இடம்பிடித்தன? சிக்கரி கலந்த தூள் என்றால் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று அச்சிட்டாக வேண்டும். அதை மறந்த லேபிள் எவ்வளவு அழகாக இருந்தாலும் பேக்கேஜிங் தெரிந்தவரிடம் எடுபடாது. அச்சான பை இருந்தால் ஜன்னல் வெளிச்சத்தில் படமெடுத்துப் போடுங்கள், இணையத்தில் கிடைக்கும் இலவச மாக்அப்பை (டிசைனை ஒட்டிக் காட்டும் மாதிரிப் படம்) எல்லோரும் பார்த்துச் சலித்துவிட்டார்கள். கற்பனை பிராண்ட் என்றால் கற்பனை என்றே எழுதுங்கள். கூட்டு வேலையில் உங்கள் பங்கு எது என்பதையும்தான்.

விண்ணப்பத்தோடு போக வேண்டியது இந்த வேலைகளை அடுக்கிய பிடிஎஃப். 1920-க்கு 1080 பிக்சல் அளவில் 12 முதல் 15 பக்கம், 10 எம்பிக்குள். ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’ அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்தால் சின்ன எழுத்து உள்ள படங்கள் மங்கிவிடும். 150 பிபிஐ (அங்குலத்துக்கு 150 பிக்சல்), ஜேபெக் தரம் ‘ஹை’ என்று வையுங்கள். ஃபைல் பெயர் ‘ஃபைனல்-2’ என்று இருக்க வேண்டாம், உங்கள் பெயரும் கேட்கும் பதவியும் இருக்கட்டும். வேலைவாய்ப்புத் தளமான நௌக்ரியில் ரெஸ்யூமேக்கு 2 எம்பிதான் வரம்பு என்பதால் அங்கே பிடிஎஃப்பின் கூகுள் டிரைவ் லிங்கையும் பிஹான்ஸ் லிங்கையும் ரெஸ்யூமேக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.

நேர்முகத்துக்கு அச்சுப் பிரதி எடுப்பவர்கள் வைரோ (இரட்டைக் கம்பிச் சுருள்) பைண்டிங் கேளுங்கள், திறந்தால் மேசையில் தட்டையாகப் படியும். நடுமடிப்பில் பின் அடிக்கும் சென்டர் பின் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்.

டிரைவ் லிங்க் அனுமதியை ‘லிங்க் உள்ள யாரும்’ என்று மாற்றாமல் அனுப்புவதுதான் அடிக்கடி நடக்கும் கூத்து. அனுமதி கேட்டுக் காத்திருக்க ஆள் எடுப்பவருக்கு நேரமிருக்காது. அனுப்பும் முன் பிரவுசரின் இன்காக்னிட்டோவில் (உங்கள் கணக்கில் நுழையாத தனி ஜன்னல்) ஒருமுறை, நண்பர் போனில் மொபைல் டேட்டாவில் ஒருமுறை திறந்து பாருங்கள்.