சிமுலேட்டர் பயிற்சியா, வீணைக் கடையா?

பயணிகள் விமானத்தை 65 வயதுக்கு மேல் ஓட்ட முடியாது என்பதால், ஓய்வுபெற்ற என்னைப் போன்ற விமானிகள் பலர் சிமுலேட்டரில் இளம் விமானிகளுக்குப் பயிற்சி அளிக்கச் செல்கிறார்கள். நானோ வீணைகளைப் பழுதுபார்க்கும் சிறு கடையைத் தேர்ந்தேன்.

சிமுலேட்டர் பணியில் சம்பளம் நிச்சயம், இரவு வேலையும் உண்டு. கடையில் வருமானம் நிச்சயமில்லை. ஜெட் விமானம் தரையிறங்கும்போது குறைந்தது 30 நிமிடம் பறப்பதற்கான எரிபொருளாவது மிஞ்சும்படி திட்டமிட வேண்டும் என்று விதியே வகுத்துத் தருகிறது. கடைக்கு அப்படி விதி இல்லை; எத்தனை மாத வாடகையைக் கையிருப்பாக வைப்பது என்பதைக் கடைக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறையவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் மேளம் கட்டும் வேலை, அதாவது வீணையின் மெட்டுகளை (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகளை) மெழுகில் பதிக்கும் வேலை, தரும் நிறைவைச் சிமுலேட்டர் தராது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிந்திருப்பதால், மெழுகு இளகி ஒரு மெட்டு மயிரிழை நகர்ந்தாலும் சுருதி பிசகிவிடும். மெழுகைச் சூடாக்கி, தந்தியை மீட்டிக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு மெட்டையும் அதற்குரிய ஸ்வரத்தில் அமர்த்த வேண்டும். வாழ்நாள் முழுவதும் கருவிகளின் முள்ளை நம்பிய எனக்கு, காதை மட்டுமே நம்பும் இந்த வேலை பெரும் மகிழ்ச்சி. வீட்டுக் கடன் பாக்கியுள்ள நண்பர்களுக்கு மட்டும் சிமுலேட்டரையே பரிந்துரைக்கிறேன்.